ஜான் டீக்கன்: அடிநாதமாக இருந்தவர்

ஜான் டீக்கன், லண்டனில் உருவான 'குயின்' இசைக்குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர். 1971இல் குழுவில் சேர்ந்து 1997 வரை வாசித்தார். பாடகர் ஃபிரெடி மெர்குரி, கிட்டார் கலைஞர் பிரையன் மே, டிரம்ஸ் வாசித்த ராஜர் டெய்லர் ஆகிய மூவரும் மேடையிலும் பேட்டிகளிலும் முன்னால் நின்றவர்கள். டீக்கன் பின்னால், டிரம்ஸ் பக்கமாக நின்றவர். குயின் வெளியிட்ட ஒரு பாட்டிலும் அவர் தனித்துப் பாடியதில்லை. ஆனாலும் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் குயின் முதலிடம் பிடித்த இரண்டே பாடல்களில் ஒன்று அவர் எழுதியது. பிரிட்டனில் இதுவரை மிக அதிகமாக விற்ற ஆல்பமான 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பிலும் அவருடைய பாடல்கள் இருக்கின்றன.

பேஸ் கிட்டாரின் வேலை

வழக்கமான கிட்டாருக்கு ஆறு கம்பிகள். பேஸ் கிட்டாருக்குப் பெரும்பாலும் நான்கு. அவை கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பவை. மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலி, காதில் விழுவதைவிட நெஞ்சில் உணரப்படுவதே அதிகம்.

ஒரு பாப் பாட்டில் இந்தக் கருவிக்கு இரண்டு பொறுப்புகள். டிரம்ஸோடு சேர்ந்து தாளத்தை நிலைநிறுத்த வேண்டும். கிட்டாரும் பியானோவும் வாசிக்கும் சுரக்கட்டுகளுக்கு அடிச்சுரத்தையும் கொடுக்க வேண்டும். பேஸ் கலைஞர் தடுமாறினால், எந்தக் கருவியில் தப்பு என்று ரசிகருக்குச் சொல்லத் தெரியாது. பாட்டு ஆட்டம் காண்பது மட்டும் தெரியும். எதை வாசிப்பது என்பதைப் போலவே, எங்கே கையை எடுத்துவிட்டுச் சும்மா இருப்பது என்பதும் இதில் தேர்ச்சிக்கு அடையாளம்.

அதுவரை ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்த கலைஞர்களுக்கு, தோளில் மாட்டிக்கொள்ளும் மின்சார பேஸ் கிட்டாரைப் பரவலாக்கியது அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம். அதன் 'பிரிசிஷன் பேஸ்' 1951இல் வெளிவந்தது. டீக்கன் பிறந்ததும் அதே ஆண்டுதான். பின்னாளில் அவர் மிக அதிகமாக வாசித்த கருவியும் அதுவே.

லெஸ்டர் நகரத்துப் பையன்

1951 ஆகஸ்ட் 19 அன்று இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் உள்ள லெஸ்டர் நகரில் ஜான் ரிச்சர்ட் டீக்கன் பிறந்தார். வளர்ந்தது பக்கத்திலுள்ள ஓட்பி என்ற சிற்றூரில். தந்தை காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். டீக்கனுக்கு 11 வயதாக இருந்தபோது இறந்துவிட்டார்.

சின்ன வயதிலேயே மின்சாதனங்கள்மேல் பையனுக்குப் பைத்தியம். வீட்டிலிருந்த டேப் ரெக்கார்டரை வைத்து வானொலிப் பாடல்களைப் பதிவு செய்து கேட்பார். அது பீட்டில்ஸ் அலை அடித்த காலம். 1965இல் பள்ளி நண்பர்கள் சேர்ந்து 'தி ஆப்போசிஷன்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். அதில் டீக்கன் முதலில் வாசித்தது ரிதம் கிட்டார். பேஸ் வாசித்த பையன் விலகியபோது அந்த இடத்துக்கு இவர் மாறினார். பேஸ் கலைஞர்கள் பலருடைய கதையும் இப்படித்தான் தொடங்கும்: பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியும் தன் குழுவில் ஆள் விலகிப்போன பிறகே பேஸைக் கையில் எடுத்தவர்.

1969இல் டீக்கன் குழுவை விட்டுவிட்டு, லண்டனில் உள்ள செல்சி கல்லூரியில் மின்னணுவியல் படிக்கச் சென்றார். 1971இல் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார்.

நான்காவதாக வந்தவர்

மெர்குரியும் மேயும் டெய்லரும் 1970இல் குயின் குழுவைத் தொடங்கினார்கள். மூவருமே லண்டனில் படித்தவர்கள்: மே வானியற்பியல், டெய்லர் உயிரியல், மெர்குரி வரைகலை. பேஸுக்கு மட்டும் ஆள் நிலைக்கவில்லை. ஓராண்டுக்குள் மூன்று பேர் வந்து போனார்கள்.

1971இன் தொடக்கத்தில், கல்லூரி நடன நிகழ்ச்சி ஒன்றில் மேயையும் டெய்லரையும் டீக்கன் சந்தித்தார். சில நாட்களில், மே படித்த இம்பீரியல் கல்லூரியில் வைத்து அவரை வாசிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். வாசிப்பில் பிசிறு இல்லை, ஆளும் அமைதி. மூன்று பேர் ஓயாமல் வாதாடிக்கொண்டிருந்த குழுவுக்கு அந்த அமைதி பிடித்துப்போனது. மின்சாதனங்களைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் என்பது கூடுதல் லாபம். 1971 ஜூலை 2 அன்று சர்ரே மாவட்டத்தில் நடந்த கச்சேரிதான் குயினோடு அவர் ஏறிய முதல் மேடை. அன்றிலிருந்து மெர்குரி மறையும் வரை, 20 ஆண்டுகள் குழுவின் நால்வரில் ஒருவர்கூட மாறவில்லை. ராக் குழுக்களில் இது அபூர்வம்.

1973இல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையில் அவர் பெயர் 'டீக்கன் ஜான்' என்று முன்பின்னாக அச்சாகியிருந்தது. கேட்பதற்குக் கவர்ச்சியாக இருக்கும் என்று செய்த ஏற்பாடு அது. அடுத்தடுத்த ஆல்பங்களில் தன் பெயரை நேராகவே போட வைத்தார்.

குப்பையில் கிடைத்த ஆம்ப்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், லண்டன் தெருவோரக் குப்பைத் தொட்டியில் ஒரு சர்க்யூட் போர்டு கிடப்பதை டீக்கன் பார்த்தார். கையடக்க வானொலிப் பெட்டி ஒன்றிலிருந்து கழற்றி எறியப்பட்ட பலகை அது. எடுத்துவந்து, ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயராக மாற்றினார். ஒலியைக் கூட்டிக் குறைக்கத் திருகுகூட அதில் கிடையாது.

டீக்கன் அதைத் தன் சொந்தப் பயிற்சிக்காகச் செய்தார். பிரையன் மே தன் கிட்டாரை அதில் செருகிப் பார்த்தபோது கிடைத்த ஒலி வேறு மாதிரி இருந்தது. அந்தப் பலகையில் இருந்தவை ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள். அவற்றால் தாங்க முடியாத அளவு சமிக்ஞை உள்ளே போகும்போது, ஒலி கரகரவென்று உடையாமல் வழுவழுப்பாகத் திரிகிறது. கிட்டாரின் ஒலி வயலின், கிளாரினெட், டிராம்போன் போன்றவற்றின் சாயலுக்கு வருகிறது. 1975இல் வந்த 'குட் கம்பெனி' பாட்டில் ஒரு ஜாஸ் குழுவே வாசிப்பதுபோல ஒலிக்கும் பகுதி முழுவதும், இந்த ஆம்ப் வழியாக மே ஒவ்வொரு சுரமாகப் பதிவு செய்து அடுக்கியது. 'டீக்கி ஆம்ப்' என்று பெயர் பெற்ற அந்தப் பெட்டியைப் பார்த்துப் பிரதி எடுத்து, பிற்காலத்தில் விற்பனைக்கும் கொண்டுவந்தார்கள்.

முதல் பாடல்களும் பணக் கணக்கும்

டீக்கன் எழுதிய முதல் பாடல் 'மிஸ்ஃபயர்', 1974இல் 'ஷியர் ஹார்ட் அட்டாக்' ஆல்பத்தில் வந்தது. இரண்டு நிமிடம்கூட ஓடாத சின்னப் பாட்டு. அடுத்த ஆண்டு 'எ நைட் அட் தி ஆபரா' ஆல்பத்துக்கு அவர் கொடுத்த 'யூ ஆர் மை பெஸ்ட் ஃபிரெண்ட்' அவர் யாரென்று காட்டியது. 1975 ஜனவரியில் அவர் வெரோனிகாவை மணந்திருந்தார். பாட்டு மனைவிக்காக எழுதப்பட்டது. அதன் முகப்பில் கேட்கும் மணி போன்ற ஒலி, வுர்லிட்சர் என்ற மின்சார பியானோவினுடையது. பெரிய பியானோவையே விரும்பிய மெர்குரிக்கு அதைத் தொட மனமில்லை. டீக்கன் கருவியை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பழகி, தாமே வாசித்துப் பதிவு செய்தார். பாட்டு பிரிட்டனில் 7ஆம் இடத்தையும் அமெரிக்காவில் 16ஆம் இடத்தையும் பிடித்தது.

அதே காலத்தில் பணப் பிரச்சினையும் இருந்தது. 'கில்லர் குயின்' பாட்டு 1974இல் பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போயும், அப்போது தங்களை நிர்வகித்தவர்களிடம் நால்வரும் வாரச் சம்பளம்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். புதுமாப்பிள்ளையான டீக்கன் வீடு வாங்க முன்பணம் கேட்டபோது, இல்லை என்று பதில் வந்தது. 1975இல் குழு அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது. அதற்குப் பிறகு குயினின் வரவு செலவைக் கவனித்துக் கேள்வி கேட்கும் ஆளாக டீக்கன் ஆனார். ஒப்பந்தங்களை வரிவரியாகப் படிப்பது அவர் வழக்கம். 1978இல் வழக்கறிஞர் ஜிம் பீச் குழுவின் நிர்வாகத்தை ஏற்றபோதும், பணம் பற்றிய முடிவுகளில் டீக்கனின் சொல்லுக்கு எடை இருந்தது.

குழுவுக்குள் இன்னொரு கணக்கும் உண்டு. பாட்டு எழுதியவருக்கு ராயல்டி தனியாகப் போகும். வாசித்தவருக்கு அதில் பங்கில்லை. எவர் பாட்டு ஆல்பத்தில் இடம்பெறுவது, எது சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக, வெளிவருவது என்று நால்வருக்குள்ளும் சண்டை நடந்தது இதனால்தான். டீக்கன் ஓர் ஆல்பத்துக்கு ஒன்றோ இரண்டோ எழுதுவார். 1989இல் வந்த 'தி மிராக்கிள்' ஆல்பத்திலிருந்து, யார் எழுதினாலும் பாட்டு 'குயின்' பெயரிலேயே வரும் என்று முடிவு செய்து சண்டையை முடித்தார்கள்.

மூன்று அடி, ஓர் இடைவெளி

டீக்கனின் பெயரை உலகமெங்கும் கொண்டுபோன பாடல் 1980இல் 'தி கேம்' ஆல்பத்தில் வந்த 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்'. பள்ளிக் காலத்திலிருந்தே அவருக்குக் கருப்பின அமெரிக்கக் கலைஞர்களின் சோல், ஃபங்க் இசையில் மிகுந்த ஈடுபாடு. நியூயார்க்கின் 'ஷீக்' குழு 1979இல் வெளியிட்ட 'குட் டைம்ஸ்' பாட்டில் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் வாசித்த பேஸ்தான் இந்தப் பாட்டுக்குத் தூண்டுதல். ஷீக் குழு ஒலிப்பதிவு செய்த இடத்துக்கே டீக்கன் போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ராப் இசையின் முதல் பெரிய வெற்றியான 'ராப்பர்ஸ் டிலைட்' பிறந்ததும் அதே 'குட் டைம்ஸ்' பாட்டின் மேல்தான்.

பாட்டின் அமைப்பு எளிமையானது. அடிக்கம்பியில் ஒரே சுரம் மூன்று முறை விழுகிறது. பிறகு ஓர் இடைவெளி. மறுபடி அதே மூன்று அடி. இந்தத் தடவை இரண்டு சுரங்கள் மேலே போய் வருகிறது. பாட்டு நெடுக இதுவே திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவரை ஆட வைப்பது அந்த இடைவெளி. அடுத்த அடி எப்போது விழும் என்று உடம்பு காத்துக்கொண்டிருக்கிறது.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் உள்ள மியூசிக்லேண்ட் ஸ்டூடியோவில், தயாரிப்பாளர் மாக் துணையோடு பாட்டு பதிவானது. டெய்லரின் டிரம்ஸை எதிரொலி துளியும் இல்லாமல் அடக்கிப் பதிவு செய்து, அந்த டேப்பையே சுற்றவிட்டார்கள். பேஸ், ரிதம் கிட்டார், பியானோ என்று பெரும்பகுதியை டீக்கனே வாசித்தார். இப்படி ஒரு பாட்டு ராக் குழுவுக்குப் பொருந்துமா என்று டெய்லருக்குச் சந்தேகம். மெர்குரி டீக்கன் பக்கம் நின்று, அடித்தொண்டை கிழியப் பாடிக் கொடுத்தார். லாஸ் ஏஞ்சலிஸ் கச்சேரிக்கு வந்திருந்த மைக்கேல் ஜாக்சன், இதைச் சிங்கிளாக வெளியிடுங்கள் என்று வற்புறுத்தினார். வெளியிட்டார்கள். 1980 அக்டோபரில் அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடத்தில் நின்றது. கருப்பினக் கலைஞர்களின் இசைக்கான தனிப்பட்டியலிலும் 2ஆம் இடம் வரை ஏறியது.

மருத்துவத்திலும் இந்தப் பாட்டுக்கு ஒரு பயன் உண்டு. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யும்போது நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இந்தப் பாட்டின் வேகம் ஏறத்தாழ 110. பயிற்சிக்கு ஏற்ற பாடல்களைச் சொல்லும்போது, பீ ஜீஸ் குழுவின் 'ஸ்டேயிங் அலைவ்' பாட்டோடு இதையும் சேர்த்துச் சொல்வதுண்டு. தலைப்பு சாவைப் பற்றியது என்பதால் நோயாளி அருகில் சத்தமாகப் பாட யாரும் பரிந்துரைப்பதில்லை.

இரண்டே சுரங்கள்

1981இல் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகரில் குயினும் பாடகர் டேவிட் போவியும் சேர்ந்து உருவாக்கிய 'அண்டர் பிரஷர்' பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அதன் தொடக்க பேஸ் வரியில் இருப்பவை இரண்டே சுரங்கள். அதைக் கண்டுபிடித்தது டீக்கனா போவியா என்பதை, அன்று அங்கே இருந்தவர்களே ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். டீக்கன் வாசித்ததை, சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அவரே மறந்துவிட்டார் என்றும், மற்றவர்கள் நினைவுபடுத்தினார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

1990இல் வனிலா ஐஸ் என்ற ராப் பாடகர் அதே வரியை எடுத்து 'ஐஸ் ஐஸ் பேபி' பாட்டை அமைத்தார். பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ஹிப்ஹாப் பாட்டு அதுவே. மூலப் பாட்டுக்காரர்களின் பெயரைச் சேர்க்காமல் வெளியிட்டதால் தகராறு கிளம்பி, பிறகு குயினுக்கும் போவிக்கும் உரிமை கொடுக்கப்பட்டது. இரண்டு சுரத்துக்கும் சொத்து மதிப்பு உண்டு என்று இசைத்துறைக்குக் காட்டிய நிகழ்வு அது.

டீக்கனின் ஃபங்க் ஆசை எல்லா நேரமும் கைகொடுக்கவில்லை. 1982இல் வந்த 'ஹாட் ஸ்பேஸ்' ஆல்பம் அந்தப் பக்கம் ரொம்பவே சாய்ந்ததால் பழைய ராக் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். கிட்டாருக்கு இடம் குறைந்துபோனதில் மேயுக்கும் வருத்தம்.

பாட்டி வேஷம்

1984இல் 'தி வொர்க்ஸ்' ஆல்பத்துக்கு டீக்கன் எழுதியது 'ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ'. பிரிட்டனில் 3ஆம் இடம். அதன் வீடியோவில் நால்வரும் பெண் வேடத்தில் வந்து, 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' என்ற பிரபல டிவி தொடரைக் கேலி செய்தார்கள். டீக்கனுக்குக் கோட்டும் தொப்பியுமாக, முறைத்துப் பார்க்கும் பாட்டி வேடம். பிரிட்டன் சிரித்தது; அமெரிக்க டிவிக்கு அது பிடிக்கவில்லை, அங்கே பாட்டும் எடுபடவில்லை.

அதே பாட்டைத் தென்னாப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் விடுதலைப் பாட்டாக ஏற்றுக்கொண்டார்கள். அதே 1984இல், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் குயின் கச்சேரி நடத்தியதற்குக் கடும் கண்டனம் எழுந்தது. ஒரே ஆண்டில் பாட்டு ஒரு பக்கமும் அதைப் பாடிய குழு மறுபக்கமும் நின்றன.

1985 ஜூலை 13 அன்று, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த 'லைவ் எய்ட்' நிகழ்ச்சியில் குயினின் 20 நிமிடக் கச்சேரி இன்றும் பேசப்படுகிறது. அன்று பாடிய பாடல்களில் டீக்கன் எழுதியது ஒன்றும் இல்லை. மெர்குரி அரங்கத்தையே கையில் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்க, டீக்கன் வழக்கம்போல டிரம்ஸ் அருகே நின்று, ஒரு சுரமும் பிசகாமல் வாசித்துவிட்டு இறங்கினார்.

விலகல்

1986 ஆகஸ்ட் 9 அன்று இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் நடந்ததுதான் மெர்குரியோடு குயின் நடத்திய கடைசிக் கச்சேரி. எய்ட்ஸ் நோயால் 1991 நவம்பர் 24 அன்று மெர்குரி இறந்தார். நால்வரில் இளையவரான டீக்கனை அந்தச் சாவு மற்றவர்களைவிட ஆழமாகத் தாக்கியது. அவருடைய பாடல்களை முதலில் ஆதரித்து, கூச்ச சுபாவக்காரரான அவரைக் குழுவுக்குள் அரவணைத்தவர் மெர்குரி.

1992 ஏப்ரல் 20 அன்று வெம்பிளியில் நடந்த அஞ்சலிக் கச்சேரியில் டீக்கன் வாசித்தார். மெர்குரி விட்டுச்சென்ற குரல் பதிவுகளை வைத்து 1995இல் வந்த 'மேட் இன் ஹெவன்' ஆல்பத்திலும் உழைத்தார். 1997 ஜனவரியில் பாரிஸில், நடன அமைப்பாளர் மொரிஸ் பெஜாரின் பாலே நிகழ்ச்சியில் எல்டன் ஜான் பாட, குயினின் மூவரும் வாசித்தார்கள். டீக்கன் கடைசியாக ஏறிய மேடை அதுதான். அதே ஆண்டு 'நோ ஒன் பட் யூ' என்ற பாட்டில் மூவரும் சேர்ந்து வாசித்ததோடு அவருடைய ஒலிப்பதிவு வாழ்க்கையும் முடிந்தது. அப்போது அவருக்கு வயது 46. மெர்குரியின் இடத்தில் வேறொருவரை நிறுத்த முடியாது என்பது அவர் எடுத்த நிலை.

மேயும் டெய்லரும் முதலில் பாடகர் பால் ராஜர்ஸோடும் பிறகு பாடகர் ஆடம் லாம்பர்ட்டோடும் உலகம் சுற்றினார்கள். டீக்கன் அதைத் தடுக்கவும் இல்லை, சேரவும் இல்லை. 2001இல் குயின் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் பெற்ற விழாவுக்கும் அவர் வரவில்லை. மனைவியோடும் ஆறு பிள்ளைகளோடும் லண்டனில் குடும்ப வாழ்க்கையை நடத்தினார். குயின் ஒரு தொழிலாகவும் தொடர்ந்தது. விலகிய பிறகும் அதில் அவர் பங்குதாரராக இருந்தார். பெரிய முடிவுகள், குறிப்பாகப் பண விவகாரங்கள், அவர் சம்மதம் கேட்டே எடுக்கப்பட்டன என்று மேயும் டெய்லரும் பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

2018இல் வந்த 'பொஹீமியன் ராப்சொடி' திரைப்படத்தில் ஜோ மசெல்லோ டீக்கனாக நடித்தார். சிறுவயதில் 'ஜுராசிக் பார்க்' படத்தில் நடித்த அதே நடிகர். படம் குழுவின் முதல் கச்சேரியிலேயே டீக்கனைக் காட்டுகிறது. உண்மையில் அவர் வந்தது அதற்கும் ஓராண்டு கழித்து. 2013இல் பிரேசில் நாட்டு ஊசித்தட்டான் பூச்சிகளில் நான்கு புதிய இனங்களுக்குக் குயின் நால்வரின் பெயரும் வைக்கப்பட்டது. அவற்றில் ஒன்று டீக்கன் பெயரில் பறக்கிறது.

பேஸ் கலைஞர்களில் டீக்கனைவிட வேகமாக வாசித்தவர்கள் உண்டு. வித்தை காட்டியவர்களும் உண்டு. ஓர் உலகப் புகழ்பெற்ற குழுவில் குறைவாகப் பேசி, தேவையானதை மட்டும் வாசித்து, அந்தக் குறைவான வாசிப்பிலிருந்தே மக்கள் மறக்காத பாடல்களை எழுதியவர் என்ற வகையில் அவருக்கு நிகர் சொல்வது கடினம். கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்', 'யூ ஆர் மை பெஸ்ட் ஃபிரெண்ட்' இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, பாடகரை விட்டுவிட்டுக் கீழே ஓடும் ஒலியை மட்டும் தொடர்ந்து பாருங்கள். நல்ல ஹெட்போன் அவசியம். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தர முடியாது. அதில் கேட்டால் டீக்கன் வாசித்ததில் பாதிதான் காதுக்கு வரும்.